"கெட்ட பழக்கம் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றுகிறேன். 52 வயதான ஒருவர் உயர் இரத்த அழுத்தத்துக்காக இரண்டு ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். மூன்று வகை மாத்திரைகள் கொடுத்தும் அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. முதல் நாளிலேயே "கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டேன், பக்கத்தில் இருந்த மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு "இல்லை" என்றார், அப்படியே குறித்துக்கொண்டேன். சென்ற மாதம் கால் எலும்பு முறிந்து வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு இரண்டாம் நாள் வலிப்பும் மூன்றாம் நாள் பிதற்றலும் வந்தன. பல ஆண்டுகளாக நாள்தோறும் இரவில் மது அருந்திவந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பொய் சொன்னாரா, நான் சரியாகக் கேட்கவில்லையா? ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்க முடியுமா? பெண்களிடம் கேட்டால் அவமதிப்பாகக் கொள்ள மாட்டார்களா? "ஆமாம், குடிப்பேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன பேசுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பதிலுக்குப் பயந்தே பல நேரம் கேட்காமல் விட்டுவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள மருத்துவருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், கேள்வி கேட்கும் முறையைப் பற்றி மட்டும் நான்கு பத்தி எழுதி முடித்திருப்பேன். நேரமில்லை, நோயாளி கோபித்துக்கொள்வார், பெண்களிடம் கேட்க முடியாது என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பயம்தான். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கத் தயங்குவதில்லை, ஏனென்றால் இருக்கிறது என்று வந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். மதுவைப் பற்றிய விடைக்குப் பின் என்ன செய்வது என்று தெரிந்துவிட்டால் கேள்வி தானாக வாய்க்கு வரும். எனினும் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருப்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அவர் உங்களிடம் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. "கெட்ட பழக்கம் உண்டா?" என்ற கேள்வி நம்முடைய நோயாளிக் குறிப்பேடுகளில் தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கிறது, நானும் என் ஆசிரியர்களிடமிருந்து அதைத்தான் கற்றேன். ஆனால் அது உடலைப் பற்றிய கேள்வியே அன்று. நீ நல்லவனா கெட்டவனா என்பதைத்தான் அது கேட்கிறது. அதுவும் மனைவியை வைத்துக்கொண்டு. அந்தக் கேள்விக்கு அவர் அளித்த விடை அவரளவில் உண்மையாகவே இருந்திருக்கலாம்: வேலைக்குப் போகிறார், வீட்டுக்குப் பணம் கொடுக்கிறார், தெருவில் விழுந்து கிடப்பதில்லை, ஆகவே அவர் மனக்கணக்கில் அவருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. "குடிப்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்பதும் இதைவிட அதிகம் மேலானது இல்லை, ஏனென்றால் தமிழில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் "குடிகாரன்" என்ற வசை நின்றுகொண்டிருக்கிறது. உண்டா, இல்லையா என்று கேட்கும்போது, எப்போதாவது ஒரு விருந்தில் அருந்துபவரும் நாள்தோறும் அருந்துபவரும் ஒரே "இல்லை"யில் ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே சொல்லை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், காரணத்தை முதலில் சொல்லுங்கள். பழக்க வழக்கங்கள் என்று தனித் தலைப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி எந்த மனிதரையும் எச்சரிக்கை கொள்ளச் செய்யும். உப்பு எவ்வளவு சேர்த்துக்கொள்கிறார், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், வலி மாத்திரை ஏதேனும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா, புகையிலை உண்டா என்று கேட்டுவரும் வரிசையில், அதே குரலில், மதுவும் வரட்டும். நான் பெரும்பாலும் இப்படிச் சொல்வேன்: "இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுவதற்கு முன் எல்லோரிடமும் சில விஷயங்கள் கேட்பது என் வழக்கம். மது உள்ளே போனால் அழுத்தம் ஏறும், மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. பீர், ஒயின், பிராந்தி, சாராயம் எதுவானாலும் சரி, கடைசியாக எப்போது எடுத்துக்கொண்டீர்கள்?" இதில் மூன்று காரியங்கள் நடந்துவிடுகின்றன. எல்லோரிடமும் கேட்பது என்பதால் அவரைப் பார்த்து நமக்கு ஐயம் எழுந்ததாக அவர் நினைப்பதில்லை. மருந்துக்காகக் கேட்கிறோம் என்பதால் ஒழுக்கம் பற்றிய பேச்சு எழுவதில்லை. "எப்போது" என்று கேட்பதால் அருந்தாதவர் "எனக்கு அந்தப் பழக்கமே இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுவார், அருந்துபவர் "போன சனிக்கிழமை" என்று எளிதாகச் சொல்லிவிடுவார். இருவருக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. பீரும் ஒயினும் மதுக் கணக்கில் சேராது என்று உறுதியாக நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நோயாளி மனைவியைத் திரும்பிப் பார்த்ததை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நீங்கள் நினைவு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பார்வைதான் அன்றைய உண்மையான விடை. உடலைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தில் உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்வது எந்த மருத்துவமனையிலும் இயல்பான செயல். மதுவைப் பற்றிய கேள்வியை அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒத்திவைத்துக்கொள்ளுங்கள். தனியே இருக்கும்போது, "இங்கே நீங்கள் சொல்வது உங்கள் சிகிச்சைக்கு மட்டும்தான், வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். சில வீடுகளில் இது நேர்மாறாக இருக்கும்: மனைவியோ மகளோ முந்திக்கொண்டு, "கேளுங்கள் டாக்டர், நன்றாகக் கேளுங்கள்" என்று நம்மை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள். அவர்களுடைய துன்பம் உண்மையானது. அதற்குத் தனியே காது கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், நோயாளி அடுத்த முறை வரமாட்டார்.

எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. நாம் எழுதும் குறிப்புகளில் மிகவும் பயனற்றது "எப்போதாவது" என்ற சொல். எப்போதாவது, கம்பெனிக்காக, உடம்பு வலிக்கு, தூக்கம் வருவதற்காக ஆகிய எல்லாவற்றையும் மில்லியாகவும் நாளாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்காக உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வு செய்து உருவாக்கிய ஆடிட் என்னும் பத்துக் கேள்விப் படிவம் 1989 முதல் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 40. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அருந்தும் அளவு உடலுக்குத் தீங்கு தரும் நிலையில் இருக்கிறது என்றும், 20 அல்லது அதற்கு மேல் போனால் சார்புநிலைக்கு, அதாவது மதுவை விட முடியாமல் அதை நம்பியே இயங்கும் நிலைக்கு, முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் கொள்கிறோம். பத்துக் கேள்விக்கு நேரமில்லை என்பீர்கள். அதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் பிரித்தெடுத்ததே ஆடிட்-சி. எத்தனை நாளுக்கு ஒருமுறை, அருந்தும் நாளில் எவ்வளவு, ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது எத்தனை முறை, அவ்வளவுதான். 12 மதிப்பெண்ணில் ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே மேற்கொண்டு பேச வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கேஜ் என்னும் நான்கு கேள்விகளை நாம் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். 1984இல் பரவலாக அறியப்பட்ட அந்த முறை சார்புநிலைக்குப் போய்விட்டவரைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, இன்னும் அங்கே போய்ச் சேராமல் அளவு மட்டும் மிகுந்துகொண்டிருப்பவரைத் தவறவிட்டுவிடும். புறநோயாளிப் பிரிவில் நாம் தேட வேண்டியவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர்தான்.

"ஓர் அளவு" என்றால் எவ்வளவு என்பதில் நாடுகளுக்கிடையே ஒற்றுமை இல்லை. ஆடிட் படிவம் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஓர் அளவாகக் கொள்கிறது. பிரிட்டன் 8 கிராமை, அமெரிக்கா 14 கிராமை. ஆகவே நோயாளியிடம் அளவுக் கணக்குப் பேசாமல் மில்லியையும் புட்டியில் அச்சிட்ட விழுக்காட்டையும் கேட்டுக்கொண்டு நாமே கணக்கிடுவது நல்லது. மில்லியை விழுக்காட்டால் பெருக்கி 100ஆல் வகுத்து, வருவதை 0.79ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும், ஏனென்றால் ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைந்தது. 40 விழுக்காடு கொண்ட பிராந்தி 30 மில்லி ஏறத்தாழ ஓர் அளவு. "ஒரு குவார்ட்டர்" என்பவர் 180 மில்லியில் 57 கிராம் உட்கொள்கிறார். கிட்டத்தட்ட ஆறு அளவு. 8 விழுக்காடு கொண்ட 650 மில்லி பீரில் 41 கிராம் இருக்கிறது என்று காட்டும்போது, "பீர்தானே" என்று வந்தவர்கள் உண்மையாகவே வியப்படைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் நோயாளி நாள்தோறும் 180 மில்லி அருந்தியிருந்தால், ஆடிட்-சியின் முதல் இரண்டு கேள்விகளிலேயே 6 மதிப்பெண் வந்திருக்கும். மூன்றாவதைக் கேட்கும் தேவையே வந்திராது.

அளவு கேட்கும்போது குறைவாகத் தொடங்காதீர்கள். "ஒரு பெக்கா, இரண்டு பெக்கா?" என்று கேட்டால் இரண்டுக்கு மேல் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். "ஒரு புட்டி முழுவதும் ஆகுமா, பாதியா?" என்று கேட்டுப் பாருங்கள், "ஐயோ, அவ்வளவெல்லாம் இல்லை, கால் பாகம்தான்" என்று அவரே இறங்கிவந்து உண்மையான எண்ணில் நிற்பார். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம்; பெரிய எண்ணைச் சொன்னாலும் இந்த மருத்துவர் அதிர்ச்சி அடைய மாட்டார் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கும் மரியாதை என்றே நான் இதைக் கருதுகிறேன்.

பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாற்பது ஆண்களிடம் கேட்டுவிட்டு ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்டால் அது அவமதிப்புத்தான். எல்லோரிடமும், அதே வரிசையில், அதே காரணத்தோடு கேட்கும்போது கோபித்துக்கொள்பவர்கள் மிகவும் குறைவு. "எனக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்று ஒரு மூதாட்டி சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். ஒரே அளவு மதுவுக்குப் பெண்ணுடலில் இரத்தத்தில் சேரும் ஆல்கஹால் பொதுவாக அதிகம், ஏனெனில் உடலில் நீரின் பங்கு குறைவு. மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. கருவுற்ற காலத்தில் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. கேட்காமல் விடுவதால் நாம் காப்பாற்றுவது நம்முடைய கூச்சத்தையே. முதியவர்களிடமும் இதே தயக்கம் நமக்கு வருகிறது. தூக்க மாத்திரையோடு மதுவும் சேர்ந்து தடுக்கி விழும் முதியவரின் உடைந்த இடுப்பெலும்பை அறுவை மருத்துவர் சரிசெய்வார், விழுந்த காரணத்தை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மது அருந்தும் மருத்துவர், தாம் அருந்தும் அளவு வரை எல்லாம் இயல்பு என்று தம்மை அறியாமலே கோடு போட்டுக்கொள்கிறார்; அருந்தாத மருத்துவர், ஒரு துளி என்றாலும் முகத்தைச் சுளித்துவிடுகிறார். இருவரும் நோயாளியை அளக்கும் அளவுகோல் தம்முடைய வாழ்க்கைதான். அதனால்தான் எண்ணை எழுதிக்கொள்வது நல்லது என்கிறேன். எண்ணுக்கு முகச்சுளிப்பு இல்லை.

இனி, "ஆமாம்" என்ற விடைக்குப் பின் என்ன என்பதற்கு வருவோம். நோயாளி ஓர் எண்ணைச் சொன்னவுடன் நம் வாய் அறிவுரைக்குத் திறந்துவிடும். அந்தக் கணத்தில் "சொன்னதற்கு நன்றி, இது சிகிச்சைக்கு மிகவும் உதவும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பிறகு தகவல் சொல்ல அனுமதி கேளுங்கள்: "மது அழுத்தத்தை எப்படி ஏற்றுகிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், நான் பார்த்ததைச் சொல்லட்டுமா?" அனுமதி மறுத்தவர் எவரும் என் நினைவில் இல்லை. சொல்வது அவருடைய உடலைப் பற்றியதாக, அவர் எதற்காக வந்தாரோ அதைப் பற்றியதாக இருக்கட்டும். அழுத்தத்துக்காக வந்தவரிடம் கல்லீரல் படத்தைக் காட்டி அச்சுறுத்த வேண்டியதில்லை; குடிப்பதைக் கணிசமாகக் குறைத்தால் சில வாரங்களிலேயே அழுத்தம் இறங்குவதை அளந்து பார்க்க முடியும் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, வெறும் வயிற்றில் அருந்தினால் நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம் என்பது. காசநோய்க்கு ஐசோநியசிட் எடுப்பவருக்குக் கல்லீரல் பாதிப்பு. தூக்கமில்லை என்று வருபவருக்கு, மது தூக்கத்தில் தள்ளினாலும் பின்னிரவில் எழுப்பிவிடும் என்பது. புற்றுநோய் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது, வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் எல்லாம் மதுவால் புற்றுநோய் வரக்கூடிய இடங்களாக இன்று பட்டியலில் உள்ளன.

தகவலைச் சொன்னபின் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திரும்பக் கேளுங்கள். நான் மிகவும் நம்பியிருக்கும் ஒரு கேள்வி உண்டு. "குறைத்துக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்." அவர் 4 என்றால், "ஏன் 7 இல்லை?" என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் குறைக்க முடியாத காரணங்களை அவர் அடுக்குவார். அடுக்க அடுக்க அவற்றை அவரே நம்பத் தொடங்குவார். "ஏன் 4? ஏன் 1 என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். சற்று யோசித்துவிட்டு, "காலையில் கை நடுங்குகிறது", "மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை", "பணம் போகிறது" என்று குறைப்பதற்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வரும். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரால்னிக்கோடு சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையின் சாரத்தில் பெரும்பகுதி இந்தச் சிறு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது: மாறுவதற்கான வாதத்தை நாம் பேசினால் அவர் எதிர்வாதம் பேசுவார், ஆகவே அதை அவரே பேசட்டும்.

பிறகு அவர் விரும்பினால் ஒரு சிறிய முடிவு. வாரத்தில் மூன்று நாள் தொடாமல் இருப்பதா, அளவைப் பாதியாக்குவதா, வீட்டில் புட்டி வைத்துக்கொள்ளாமல் இருப்பதா என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மூன்று வாரத்தில் அழுத்தம் பார்க்க வரும்போது இதையும் கேட்பேன் என்று சொல்லுங்கள், மறக்காமல் கேளுங்கள். இன்று எதுவும் செய்வதாக இல்லை என்று அவர் சொன்னாலும் முகம் வாட வேண்டாம். "சரி, உங்கள் விருப்பம். எப்போது பேசத் தோன்றினாலும் வாருங்கள்" என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு மாத்திரையை எழுதிக்கொடுங்கள்.

இவ்வளவு பேசி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் இருக்கிறது, ஆனால் மிகைப்படுத்திச் சொல்லும் அளவுக்கு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட திறனாய்வு 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பொது மருத்துவப் பிரிவிலோ அவசரப் பிரிவிலோ இத்தகைய குறுகிய உரையாடலைப் பெற்றவர்கள், ஓராண்டுக்குப் பின் மற்றவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் ஆல்கஹால் குறைவாக அருந்தினார்கள். வாரத்துக்கு இரண்டு அளவு என்பது தனி ஒருவருக்குச் சிறிய எண்தான். ஆனால் அதே திறனாய்வில் உங்களுக்கு ஆறுதல் தரும் இன்னொரு முடிவும் உண்டு: நீண்ட நேர ஆலோசனையால் குறுகிய உரையாடலைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. உங்களிடம் இல்லாத அரைமணி நேரத்துக்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. இந்தக் குறைப்பு அளவு மிகுந்து அருந்துபவர்களுக்கானது. சார்புநிலைக்குப் போய்விட்டவருக்கு இந்த ஐந்து நிமிடம் சிகிச்சை ஆகாது, சிகிச்சைக்கு அனுப்பும் வழியாக மட்டுமே இருக்கும்.

அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவது ஆபத்து என்பதை நான் கற்ற விதத்தைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி முடித்த புதிதில், மஞ்சள் காமாலையோடு வந்த ஒருவரிடம், "இன்றோடு நிறுத்தாவிட்டால் உயிர் போய்விடும்" என்று கடுமையாகச் சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார். அன்றிரவே நிறுத்தினார். மறுநாள் மாலை வலிப்போடு அவரைத் தூக்கிவந்தார்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார், ஆனால் வார்டில் அவருடைய மகன் என்னிடம் "நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அப்பா நிறுத்தினார்" என்று சொன்னபோது அதில் குற்றச்சாட்டே இல்லை, அதனால்தான் இன்றும் அது காதில் இருக்கிறது. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாக அருந்தியவரின் மூளை அதற்கு ஈடுகொடுத்தே இயங்கிக்கொண்டிருக்கும். மது திடீரென்று நின்றால் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நான்காம் நாளில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்னும் பிதற்றல் நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் நோயாளிக்கு நடந்தது இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது.

ஆகவே அளவு மிகுதியாக வந்தால் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, அது அடங்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? ஒரு நாள் இல்லாமல் இருந்தபோது என்ன ஆயிற்று? எப்போதாவது வலிப்போ பிதற்றலோ வந்ததுண்டா? இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால், திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த ஏற்பாடு செய்யும் வரை அளவைக் கூட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவரை, வீட்டில் துணையில்லாதவரை, வேறு கடும் நோய் உள்ளவரை உள்நோயாளியாகவே சேர்க்க வேண்டும். டயஸெபாம் அல்லது குளோர்டயஸெபாக்ஸைடு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸெபாம் பொருத்தம். தயமின் என்னும் வைட்டமின் பி1 மறக்கக் கூடாதது, உணவைவிட மதுவையே நம்பி வாழ்ந்தவருக்கு அதை ஊசி வழியாகக் கொடுத்தாக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் போக வேண்டும், இல்லையென்றால் வெர்னிக்கே மூளைப் பாதிப்பை நாமே வரவழைத்துவிடுவோம். பிறகு மீண்டும் தொடங்காமல் இருக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது இவை இருக்கின்றன என்பதை நோயாளியிடம் சொல்லி அனுப்புங்கள். மன உறுதி ஒன்றுதான் வழி என்று நம்பி, அது தன்னிடம் இல்லை என்று தீர்மானித்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர்.

அறுவைக்கோ எலும்பு முறிவுக்கோ சேரும் ஒவ்வொருவரிடமும் சேர்க்கும் வேளையிலேயே "கடைசியாக எப்போது அருந்தினீர்கள்?" என்று கேட்க வேண்டியதும் இதனால்தான். அந்த மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. நீங்கள் ஒருவர் மட்டும் தவறவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வியைச் செவிலியர் கேட்டால் இன்னும் இயல்பாக விடை வருவதை நான் கவனித்திருக்கிறேன். இரத்தத்தில் ஜிஜிடி என்னும் கல்லீரல் நொதியின் அளவு, சிவப்பணுக்களின் பருமன் ஆகியவை உயர்ந்திருப்பது ஒரு குறிப்புத் தரும். ஆனால் வேறு காரணங்களாலும் அவை உயரும். மிகுதியாக அருந்துபவர் பலரிடம் அவை இயல்பாகவே இருக்கும். பரிசோதனைத் தாளை நீட்டி "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று மடக்குவதற்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள், அன்றைக்கு நீங்கள் வெல்வீர்கள், நோயாளி வேறு மருத்துவரைத் தேடிக்கொள்வார்.

குறிப்பேட்டில் என்ன எழுதுகிறோம் என்பதும் பேச்சின் ஒரு பகுதிதான், ஏனென்றால் அடுத்து வரும் மருத்துவர் அதைப் படித்துவிட்டுத்தான் அவருடைய முகத்தைப் பார்ப்பார். "குடிநோயாளி", "திருந்தாதவர்" என்று எழுதாமல், "40 விழுக்காடு மது, நாள்தோறும் 180 மில்லி, 15 ஆண்டுகளாக, காலை நடுக்கம் உண்டு, வலிப்பு ஒருமுறை" என்று எழுதுங்கள். பின்னதில் சிகிச்சைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. முன்னதில் ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் நோயாளி. எலும்பு கூடி அவர் மீண்டும் உங்களிடம்தான் வருவார், அழுத்தத்துக்கான சீட்டு உங்களிடம் இருக்கிறது. தம்முடைய மறைவு வெளிப்பட்டுவிட்ட கூச்சத்தோடு வருவார். மனைவியும் வருவார், இம்முறை அவர்தான் முதலில் பேசுவார். நலம் விசாரித்துவிட்டு, பரிசோதிக்கும் நேரத்தில் தனியே, "முதல் நாள் நான் உங்களிடம் கேட்ட விதம் சரியில்லை. இப்போது சரியாகக் கேட்கிறேன்" என்று தொடங்குங்கள். மருத்துவமனையை விட்டு வந்தபின் அருந்தினாரா, எவ்வளவு, இப்போது நடுக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் அருந்தாமல் இருக்கிறார் என்றால் அன்றே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது: உட்கார்ந்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மது ஏற்றிவைத்திருந்த அழுத்தத்துக்காக எழுதிய மூன்று மாத்திரைகளும் மது நின்ற உடலுக்கு அதிகமாகிவிடக்கூடும். ஊன்றுகோலோடு நடக்கும் அவர் தலைசுற்றி மறுபடியும் விழுந்துவிடக் கூடாது. எண் இறங்கியிருந்தால் அதை அவரிடமே காட்டி, ஒரு மாத்திரையை அவர் கண்முன் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.